கொடிகளுக்கு வெளியே

"ஊர் பார்க்க வா அக்கா" என்றுதான் என் தங்கை ஜெசிந்தா தொலைபேசியில் சொன்னாள். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்த நான், 2011ஆம் வருடம் விருப்ப ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள். போகாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. டிசம்பரில் சிட்னி போய் இறங்கிய பிறகுதான் அழைப்பின் அர்த்தம் புரிந்தது. அங்கே பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. ஜனவரி கடைசிவரை திறக்க மாட்டார்கள். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தையும் பூட்டிவிட்டார்கள். ஜெசிந்தா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பண்டிகைக் காலத்தில்தான் அவளுக்கு வேலை அதிகம். வீட்டில் ஐந்து பிள்ளைகள்.

விமான நிலையத்தில் ஓர் இளம் அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். கறிவேப்பிலைக் கட்டைச் செத்த பாம்பைத் தூக்குவதுபோல் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார்; இலை தழை எதுவும் நாட்டுக்குள் வரக்கூடாதாம். மக்ரூன் டப்பாவை முகர்ந்து பார்த்து, என்னவென்று கேட்டார். முட்டை, முந்திரி, சீனி என்றேன்.

"கிறிஸ்துமஸுக்கா?"

"ஆமாம். தங்கை பிள்ளைகளுக்கு."

"எத்தனை பிள்ளைகள்?"

"ஐந்து."

அவர் பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினார். "கடவுள் உங்களுக்குத் துணையிருக்கட்டும்" என்றார்.

வீடு நார்த்மீட் என்ற புறநகரில், ஒரு சரிவான தெருவில் இருந்தது. மூத்தவள் மெலனிக்குப் பதினொரு வயது. அடுத்து இரட்டையர், ஜோயலும் ஜெரோமும், எட்டு வயதுக்காரர்கள். பிறகு ஷெரின். கடைசியாக நான்கு வயது டிலான். தேவாலயத்திலும் கடையிலும் பார்க்கிற தமிழர்கள் எல்லோரும் "அஞ்சா!" என்று வாயைப் பிளந்தார்கள். நம் ஊரிலேயே இப்போது அப்படித்தான் பிளப்பார்கள் என்பதால் எனக்கு வித்தியாசமாகத் தோன்றவில்லை.

தங்கையின் கணவர் அன்ரன் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர். கடலோடிக் குடும்பம். இங்கே ஒரு பெரிய கிடங்கில் மேற்பார்வையாளர். குள்ளமான மனிதர், சிரித்தால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். எதைக் கேட்டாலும் "ஒண்டுக்கும் யோசியாதைங்கோ அக்கா" என்பார். பால் தீர்ந்தாலும் அதே பதில். வேன் நின்றுபோனாலும் அதே பதில்.

அந்த வீட்டில் மூன்று மொழிகள் புழங்கின. ஜெசிந்தா என்னிடம் பேசும்போது தூத்துக்குடிக்காரி. கணவரிடம் திரும்பினால் அடுக்களை குசினியாகிவிடும், நாற்காலி கதிரையாகிவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் நான் அறியாத ஒரு பெண்ணின் குரலில் ஆங்கிலம் பேசுவாள். பிள்ளைகள் எல்லாத் தமிழையும் புரிந்துகொண்டு ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார்கள். மெலனி மட்டும், நான் பாவம் என்று நினைத்தோ என்னவோ, என்னிடம் தமிழில் பேச முயற்சி செய்தாள்.

முதல் வாரத்தில் ஒருநாள் ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு மெரிலேண்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போனேன். உண்மையில் மெலனிதான் எங்களைக் கூட்டிப் போனாள். பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் தம்பி தங்கைகளின் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். கடைசியில் என் தோளையும் தொட்டு எண்ணிக்கொண்டாள். பஸ்ஸில் கம்பத்துக்குக் கம்பம் ஒரு சிவப்புப் பொத்தான். இறங்க வேண்டுமானால் அழுத்த வேண்டும். டிலான் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அழுத்தினான். நான்காவது தடவை ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, எழுந்து நின்று, "இந்தத் தடவை யாராவது இறங்கியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் எனக்கு வருத்தமாகிவிடும்" என்றார். பின்னால் இருந்த ஒரு கிழவர் தொப்பியைத் தூக்கி விடைபெற்று, தன் நிறுத்தம் வருவதற்கு முன்பே இறங்கிப் போனார். பஸ் முழுவதும் கைதட்டியது. மெரிலேண்ட்ஸில் கரியில் சுட்ட கோழியும் ஒரு முழ நீள ரொட்டியும் வாங்கி, கடை வாசலிலேயே நின்று தின்றோம்.

கிறிஸ்துமஸ் வெயிலில் வந்தது. எங்கள் ஊரில் அந்த வாரம் பனிக்குப் பயந்து காதில் துண்டைக் கட்டிக்கொண்டு பூசைக்குப் போவார்கள். இங்கே குருவானவரே இடையில் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கடைகளில் பஞ்சில் பனி செய்து தொங்கவிட்டிருந்தார்கள். வெளியே தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. மத்தியானம் இறாலும் ஆட்டுக்கறியும் ரவை போட்ட கேக்கும். மாம்பழங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கியிருந்தார்கள். பெரியது, மணம் உண்டு, புளிப்பு இல்லை. புளிப்பில்லாத மாம்பழத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. சாயங்காலம் வேனில் ஏறி, எந்தத் தெருவில் எந்த வீடு அதிக விளக்குப் போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே சுற்றினோம். இதற்கென்றே தெருத் தெருவாகக் கார்கள் ஊர்ந்தன. யாரும் யார் வீட்டுக்குள்ளும் போகவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒரு நாளில் ஜெசிந்தாவுக்குப் பகல் வேலை. அன்ரனுக்கு விடுமுறை தொடங்கியிருந்தது. எங்களை எல்லாம் வேனில் ஏற்றிக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். வேனை நிறுத்த இடம் தேடி ஒரே தெருவைப் பலமுறை சுற்றினோம். பிறகு குடை, ஐஸ் பெட்டி, பாய், தூக்குச்சட்டி என்று கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் சுமந்துகொண்டு மணலில் இறங்கினோம். மெலனி எல்லோருக்கும் வெயில் களிம்பு பூசினாள். எனக்கும் பூச வந்தாள். என் நிறத்துக்கு வேண்டாம் என்றேன். "எல்லா நிறத்துக்கும் வேணும் பெரியம்மா" என்று மூக்கில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தக் கடல் எங்கள் கடல்போல இல்லை. தூத்துக்குடிக் கடல் குளம் மாதிரி கிடக்கும். இது எழுந்து நின்று விழுந்தது. மணலில் மஞ்சளும் சிவப்புமாக இரண்டு கொடிகள் நட்டிருந்தார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் குளிக்க வேண்டும்; அந்த இடத்தின் மீதுதான் உயிர் காக்கும் லைஃப் கார்டுகள் கண் வைத்திருப்பார்கள். அன்றைக்கு அந்த இடைவெளியில் பாதிச் சிட்னி நின்றது.

"இதுக்குள்ள நீந்தேலாது அக்கா. ஆளோட ஆள் இடிபட வேண்டியதுதான்" என்றார் அன்ரன். கொடிகளுக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி, ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல் தண்ணீர் கரும்பச்சையாக, அமைதியாக இருந்தது. "அங்க பாருங்கோ, என்ன வடிவாக் கிடக்கு. ஒருத்தரும் இல்லை."

மெலனி அந்த இடத்தைப் பார்த்தாள். எனக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, தமிழில் சொன்னாள்: "அப்பா, அது ரிப். அதுக்குள்ள போகக்கூடாது. பள்ளிக்கூடத்தில சொல்லித் தந்தவை. அலை இல்லாத இடம்தான் கூடாத இடம். அதால தண்ணி திரும்பிக் கடலுக்குப் போகும்."

"நான் பாசையூர்க் கடலுக்குள்ள பிறந்தனான். எனக்கே கடல் படிப்பிக்கிறியோ?" அன்ரன் சிரித்தார். பக்கத்துக் குடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்கள் இதில இருங்கோ. நான் ஒருக்கா நீந்திப்போட்டு வாறன்."

போனார். இடுப்பளவு தண்ணீரில் நின்று எங்களுக்குக் கை காட்டிவிட்டுப் பாய்ந்தார். எனக்கு நீந்தத் தெரியாது. இத்தனை வருடம் கப்பல்களோடு பிழைத்தும் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. ஆகவே, அவர் தலை சீக்கிரமாகத் தூரத்தில் தெரிந்ததைப் பார்த்து, மனிதர் கெட்டிக்காரர்தான் என்று நினைத்தேன். மடியில் இருந்த டிலானிடம், "அப்பா எவ்வளவு தூரம் போயிட்டாரு பாரு" என்றுகூடச் சொன்னேன்.

மெலனி எழுந்தாள். "ஜோயல், ஜெரோம், கொடிகிட்ட ஓடுங்க. லைஃப் கார்டிடம் சொல்லுங்க. ஓடுங்க!" என்று ஆங்கிலத்தில் கத்தினாள். இரட்டையர் அவள் சொல் எதையும் ஒரே தடவையில் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று கேட்டார்கள். அவள் தண்ணீர் ஓரத்துக்குப் போய் நின்று வலது கையைத் தோளுக்கு நேராக நீட்டினாள். விரல் அன்ரனின் தலையைக் காட்டியது. தலை பக்கவாட்டில் நகர்ந்தபோது கையும் நகர்ந்தது. ஷெரின் போய் அவளைப் பிடித்து இழுத்தாள். அவள் திரும்பவே இல்லை. நான் டிலானைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போய், என்ன என்று கேட்டேன். அவள் கண் கடலிலேயே இருந்தது.

அப்போதுதான் நானும் கடலைச் சரியாகப் பார்த்தேன். அவர் கரையைப் பார்த்துத்தான் நீந்திக்கொண்டிருந்தார். ஆனால் தூரமாகிக்கொண்டே போனார். ஒரு கை மேலே எழுந்தது. பிறகு தலை இல்லை. பிறகு இருந்தது.

ஒரு நீண்ட பலகையில் முழங்காலிட்டு, மஞ்சள் சட்டை போட்ட ஓர் இளம் பெண் எங்களைக் கடந்து தண்ணீருக்குள் போனாள். மெலனியின் கை காட்டிய திசையிலேயே போனாள். அலைகளுக்கு அந்தப்பக்கம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது பலகையில் அன்ரன் குப்புறப் படுத்திருந்தார். மணலில் இறக்கியதும் தண்ணீராகக் கக்கினார். உதடு நீலம் பாரித்திருந்தது. மெலனி அப்போதுதான் கையை இறக்கினாள்.

"மருத்துவரைப் பார்ப்பது நல்லது" என்றாள் அந்தப் பெண். அன்ரன் தலையாட்டி மறுத்தார். மனைவி நர்ஸ் என்றார். அந்தப் பெண் மெலனியிடம் குனிந்து, "நீ செய்தது முழுக்கச் சரி. நீ கண்ணை எடுத்திருந்தால் நான் இந்த அலையில் தேடிக்கொண்டிருந்திருப்பேன்" என்றாள். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. அன்ரன் எல்லோரையும் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"நான் தானாகவே வந்திருப்பேன்" என்று அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னார். "என் மகள் கொஞ்சம் பயந்த பிள்ளை."

அந்தப் பெண் பலகையைத் தூக்கிக்கொண்டு கொடிகளின் பக்கம் நடந்தாள்.

வேனில் ஏறியதும் அன்ரன் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். "பிள்ளையள், அம்மாட்ட ஒண்டும் சொல்ல வேண்டாம். அவ வேலை செய்து களைச்சு வாறவ. வீணாப் பயப்பிடுவா. அக்கா, நீங்களும் சொல்லிப்போடாதைங்கோ." இரட்டையர் ஐஸ்கிரீம் கேட்டார்கள். கிடைத்தது. "மெலனிதான் ஊரைக் கூட்டிப்போட்டாள்" என்று அவர் சிரித்தபோது, அவள் ஐஸ்கிரீமைத் தொடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கையில் உருகி முழங்கைவரை வழிந்தது.

ஜெசிந்தா வேலை முடிந்து வந்து, "கடல் எப்படி இருந்துச்சு அக்கா?" என்றாள்.

"அலை ஜாஸ்தி" என்றேன். பொய் இல்லை.

மறுநாள் அன்ரன் வழக்கம்போலத்தான் இருந்தார். மெலனி அப்படி இல்லை. அவர் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டாள். வேறு அறையில் இருந்தால் "அப்பா?" என்று கூப்பிடுவாள். "ஓம்" என்று பதில் வந்தால் போதும், சும்மா இருப்பாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் "அப்பா?" கடைசியில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பிள்ளை, சும்மா சும்மா கூப்பிடுறாய்?" அதன் பிறகு அவள் கூப்பிடவில்லை. அவர் இருக்கும் அறைக்கே வந்து ஒரு மூலையில் நின்றாள். சாப்பாட்டைத் தட்டில் இப்படியும் அப்படியும் தள்ளினாள். ராத்திரி நான் எழுந்து பார்க்கும்போதெல்லாம் கண் விழித்தே கிடந்தாள். "என்ன மெலனி?" என்று நான் கேட்டபோது, "ஒண்டும் இல்லை பெரியம்மா" என்றாள். தடுமாறாத தமிழில் சொன்னாள்.

புத்தாண்டுக்கு மெல்பர்ன். அன்ரனின் அக்கா ரெஜினாவின் வீடு டண்டினொங்கில் இருந்தது. வேனில் பகல் முழுக்கப் போகிற தூரம். விடியற்காலையிலேயே கிளம்பினோம். நகரம் முடிந்ததும் காய்ந்த புல், ஆடுகள், மறுபடியும் காய்ந்த புல். நம் ஊரில் இவ்வளவு தூரத்துக்குள் எத்தனையோ டீக்கடை, எத்தனையோ கோயில், எத்தனையோ சண்டை பார்த்திருக்கலாம். இங்கே ஒரு மனிதரையும் காணவில்லை. ஷெரின் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். ஜெரோமின் ஒரு செருப்பு எப்படியோ வழியில் எங்கோ விழுந்துவிட்டது. எப்படி என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

யாஸ் என்ற ஊரைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்து இளைப்பாறும் இடம் ஒன்றில் நிறுத்தினோம். யூகலிப்டஸ் மரங்கள், மர மேசைகள். வயதான தம்பதி ஒரு கூடாரம் போட்டு, வண்டி ஓட்டுகிறவர்கள் தூங்கிவிடக்கூடாது என்று சும்மாவே காபி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்ரன் அவர்களோடு நின்று பேசினார். ஜெசிந்தா எலுமிச்சைச் சோற்றையும் அவித்த முட்டையையும் மேசையில் பரப்பினாள். மெலனி வேனை விட்டு இறங்கவில்லை. மற்ற நான்கு பேரும் புல்லில் விளையாடினார்கள்.

ஜோயல் புல்லில் மல்லாந்து கிடந்து, ஒரு கையை உயர்த்திக் களகளவென்று சத்தம் எழுப்பினான். பிறகு முகத்தைப் புல்லில் புதைத்துக்கொண்டான். ஜெரோம் ஐஸ் பெட்டியின் மூடியில் முழங்காலிட்டு, கைகளால் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தான். ஷெரின் ஓரிடத்தில் அசையாமல் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள். "அடுத்தது நான்! நான்தான் டாடி!" என்று டிலான் குதித்தான்.

ஜெசிந்தா முட்டை உரிப்பதை நிறுத்தினாள். "டிலான், இங்க வா. என்ன விளையாட்டு அது?"

"டாடி தாழுற கேம்" என்றான் டிலான். முட்டையை வாங்கி வாயில் வைத்துக்கொண்டு சேர்த்துச் சொன்னான்: "இட்ஸ் எ சீக்ரெட்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். காபிக் கோப்பையோடு வந்த அன்ரனுக்கு எங்கள் முகங்களைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"உண்மையா?" என்றாள் ஜெசிந்தா.

"ஒண்டும் நடக்கேல்லை ஜெசி. நீர் பயப்பிடுவீர் எண்டுதான் சொல்லேல்லை. நான் தானாவே வந்திருப்பன். மெலனி கொஞ்சம் அவசரப்பட்டு..."

வேன் கதவு இழுபட்டது. மெலனி இறங்கி நின்றாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. ஆங்கிலத்தில் கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. "வந்திருக்க மாட்டீங்க! மூன்று தடவை உள்ளே போனீங்க. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. சிமிட்டினால் நீங்க எங்கே என்று எனக்குத் தெரியாமல் போயிருக்கும். நீங்க எல்லோரிடமும் நான் பயந்த பிள்ளை என்று சொன்னீங்க!"

பிறகு அவளுக்கு விக்கல் மாதிரி ஒன்று வந்தது. ஜெசிந்தா போய் அவளை அணைத்துக்கொண்டாள். காபிக் கூடாரத்துப் பாட்டி இரண்டு அடி முன்னால் வந்து, அங்கேயே நின்று, திரும்பிப் போனார். அன்ரன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மெலனி அழுது முடித்த பிறகு ஜெசிந்தா என்னிடம் வந்தாள். "நீயும் அங்கதான இருந்த அக்கா?"

"ஆமா."

"சரி" என்றாள். அவ்வளவுதான். சோற்றை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்தாள். அன்ரனுக்கும் கொடுத்தாள். சாப்பிட்டு முடித்ததும் அவர் முன்னால் கையை நீட்டினாள். அவர் சாவியைக் கொடுத்தார்.

ஜெசிந்தா வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மட்டுமே கார் ஓட்டிப் பழகியவள். மெலனியை முன்சீட்டில் பக்கத்தில் உட்காரவைத்தாள். அன்ரன் கடைசி வரிசையில் இரட்டையருக்கு நடுவில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார். பெரிய லாரிகள் எங்களை வரிசையாக முந்திப் போயின. ஒவ்வொன்றுக்கும் வேன் ஆடியது. ஜெசிந்தா இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாலையை மட்டும் பார்த்தாள். மாநில எல்லை ஆற்றைத் தாண்டும்போது ஜோயல் அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். அவன் வாயிலிருந்து வழிந்த எச்சில் அவர் சட்டையை நனைத்தது. அவர் துடைக்கவில்லை.

டண்டினொங்கில் குளிர்ந்தது. இரண்டு ஊர்களும் ஒரே நாடுதானா என்று சந்தேகம் வந்தது. ரெஜினா உயரமான, குரல் தடித்த பெண். அவர் கணவர் ஜோசப் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவர்களுக்கும் பிள்ளைகள் நாலு பேர். மெத்தைகளை வீடு முழுக்க விரித்துப் போட்டிருந்தார்கள். தரையில் கால் வைக்க இடமில்லை. கடைத்தெருவில் ஆப்கானிய ரொட்டிக் கடைக்குப் பக்கத்தில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்றார்கள். விமான நிலையத்துத் தொட்டியை நினைத்துக்கொண்டேன். ஜெசிந்தா எல்லோரோடும் சிரித்துப் பேசினாள், சமைத்தாள், பூசைக்கு வந்தாள். கணவரிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதோ சரியில்லை என்று ரெஜினாவுக்குத் தெரிந்தது, ஆனால் கேட்கவில்லை.

புத்தாண்டன்று மதியம் கொல்லையில் ஒடியல் கூழ் காய்ச்சினார்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் நண்டு, இறால், மீன் தலை, பயற்றங்காய் எல்லாம் போட்டு, உறைப்பாகக் கொதிக்க வைப்பது. பெரிய பானையை நடுவில் வைத்து, சுற்றிலும் கதிரைகளைப் போட்டு, வாளிகளையும் கவிழ்த்து வைத்து எல்லோரும் உட்கார்ந்தோம். ஆளுக்கொரு கிண்ணம். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வழிய வழியக் குடித்தோம். தூத்துக்குடியில் பிறந்து இத்தனை வருடம் இதைக் குடிக்காமல் இருந்திருக்கிறேனே என்று எனக்குத் தோன்றியது.

"மச்சான், நாளைக்குப் பிள்ளையளைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவம்" என்றார் ஜோசப். "நீ நிக்கிறாய்தானே. நீ நிண்டால் எனக்கு ஒரு பயமும் இல்லை."

ஜெசிந்தா தன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்ரன் தன் கிண்ணத்தைத் தரையில் வைத்தார்.

"என்னை நம்பிப் பிள்ளையளை விடாதைங்கோ அத்தான்" என்றார். "போன கிழமை நான் செத்திருப்பன்."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். அவர் முழுவதையும் சொன்னார். கொடிகளைத் தாண்டிப் போனதை, மெலனி சொன்னதை, தான் சிரித்ததை. "இழுக்குது எண்டு தெரிஞ்சவுடன கரையைப் பாத்து நீந்தினன். நீந்த நீந்தப் பின்னுக்குப் போறன். கொஞ்ச நேரத்தில கை எழும்பேல்லை. ரெண்டு தரம் தண்ணிக்குள்ள தாண்டனான்."

"மூண்டு" என்றாள் மெலனி.

"எனக்கு ரெண்டுதான் ஞாபகம் பிள்ளை."

"மூண்டு தரம். நான் பார்த்தனான்."

"ஓம்" என்றார். "நீ சொன்னாச் சரி. மூண்டு." அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நான் பயந்துபோனன் மெலனி. என்ர வாழ்க்கையில அப்படிப் பயந்ததில்லை. அலை தூக்கேக்க ஒவ்வொரு தரமும் கரை தெரியும். கரையில சனம் எல்லாம் அவையவை பாட்டில நிண்டதுகள். ஒரு கை மட்டும் என்னைப் பாத்து நீட்டிக்கொண்டு நிண்டது. ஒராள் என்னைக் காணுது எண்டு தெரிஞ்சுது. அதுதான் திரும்பத் திரும்ப மேல வந்தனான். அதை அண்டைக்குச் சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்தது. அதுக்கு உன்னைப் பயந்த பிள்ளை எண்டு சொல்லிப்போட்டன்."

ரெஜினா எழுந்து வந்தார். கூழ் பட்ட கையாலேயே தம்பியின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். இரண்டாவது அடியும் வைத்தார். பிறகு அதே கையால் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கடலோடி வீட்டுப் பெண். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜெசிந்தா குனிந்து, தரையில் இருந்த கிண்ணத்தை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள். "ஆறிப்போகுது. குடியுங்கோ" என்றாள்.

மெலனி எழுந்து பானையிடம் போனாள். தன் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டாள். அதில் ஒரு நண்டுக்காலைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டாள். குடித்துவிட்டு மறுபடியும் போனாள். உறைப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே குடித்து முடித்து, வீட்டுக்குள் போய் முதலில் கிடைத்த மெத்தையில் விழுந்தாள். ஒன்பது பிள்ளைகள் இருந்த வீடு அது. மற்ற எட்டுப் பேரும் அவளைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள், பந்து எறிந்தார்கள், அடித்துக்கொண்டார்கள். டிலான் அவள் வயிற்றில் தலைவைத்துப் படுத்து எழுந்து போனான். வாயைத் திறந்தபடி, கை ஒன்று மெத்தைக்கு வெளியே தொங்க, அவள் இருட்டும்வரை தூங்கினாள்.